ஏழாம் பக்கத்து வினைச்சொல்

மூன்று வாரங்களாக ஒரே ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

மருத்துவப் படிவங்களைத் தமிழாக்குவது என் தொழில். மருந்துச் சோதனைகளுக்கான தகவல் தாள், அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் கடிதம், நோயாளி வீட்டில் நிரப்ப வேண்டிய நாட்குறிப்பு என்று எதுவும் வரும். இப்போது மேசையில் கிடப்பது, செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் மிஞ்சிய கருக்களைக் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆராய்ச்சிக்குக் கொடுக்கத் தம்பதியர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம். பதினோரு பக்கம். நான்கே நாளில் முடித்துவிட்டேன், ஏழாம் பக்கத்தின் ஒரு வரியைத் தவிர.

ஆங்கிலத்தில் அந்த வரி மிக மென்மையாக இருக்கிறது: ஆய்வில் பயன்படுத்தப்படும் கரு அதற்குப் பிறகு தொடர்ந்து வளர இயலாது. நான் 'கரு அழிந்துவிடும்' என்று எழுதி அனுப்பினேன். படிவத்தைச் சரிபார்க்கும் குழுவிலிருந்து சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இந்தச் சொல் பயமுறுத்துகிறது. மூலத்தில் இல்லை. மாற்றவும்.'

மூலத்தில் இல்லைதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கருவுற்ற ஐந்தாம் நாளில் கரு என்பது நூற்றுச் சொச்சம் செல்கள் சேர்ந்த ஒரு நுண்பந்து. கண்ணுக்கு ஒரு தூசியளவு. அதன் வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கிடக்கும் சிறு திரள்தான் உடலாகும். ஆய்வகத்தில் அந்த வெளிச்சுவரை நீக்கிவிட்டு, உட்திரளை எடுத்து வளர்ப்புத் தட்டில் வைக்கிறார்கள். அந்தச் செல்கள் பெருகும். ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். நரம்பாகவும் இதயத் தசையாகவும் கணையச் செல்லாகவும் அவற்றை மாற்ற முடியும். ஆனால் அந்தப் பந்து இனி இல்லை.

'வளர இயலாது' என்பது இதைச் சொல்வதே இல்லை. தண்ணீர் போதாத செடியும்தான் வளராது. அந்தச் சொல்லில் யாருடைய கையும் தெரிவதில்லை.

படிவத்தில் எனக்கு முதலில் தொல்லை கொடுத்தது வேறு சொற்கள். தமிழில் 'கரு' என்பது நிறைய வேலை செய்யும் சொல். கதைக்கும் கரு, முட்டைக்கும் கரு, அணுவின் நடுவிலிருப்பதும் கரு, வயிற்றில் வளர்வதும் கரு. ஒரு செல்லின் அணுக்கருவை எடுத்து வேறொரு கருமுட்டைக்குள் வைத்துக் கருவை உண்டாக்கும் முறையை ஒரே பத்தியில் விளக்க நேர்ந்தபோது, நான்கு வரியில் ஏழு முறை 'கரு' வந்து நின்றது. இலங்கைப் பாடநூல்கள் 'முளையம்' என்கின்றன. துல்லியமான சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் அலைந்த ஒரு பெண், மருத்துவர் திரையில் காட்டிய அந்தச் சின்ன வட்டத்தை 'கரு' என்றுதான் மனதில் வைத்திருப்பாள். அவளிடம் 'முளையம்' என்றால் அது வேறு யாருடையதோ ஆகிவிடும். அதனால் 'கரு' என்றே வைத்துவிட்டு, செல்லுக்கு நடுவிலிருப்பதை 'உட்கரு' ஆக்கினேன்.

ஸ்டெம் செல்லுக்கு 'தண்டு செல்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் போட்டதன் விளைவு அது. 'குருத்தணு' எவ்வளவோ மேல். குருத்து என்றால் இன்னும் விரியாதது, எந்த ஓலையாகவும் ஆகப்போவது. அந்தச் சொல்லை ஆக்கியவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம். பனையின் குருத்தை அடியோடு வெட்டியெடுத்தால் மரம் பிழைக்காது என்பதையும் அந்தச் சொல் தனக்குள் வைத்திருக்கிறது. உட்திரளை எடுத்த பிறகு கரு பிழைக்காது என்பதைத் தமிழ் ஏற்கெனவே சொல்லிவிட்டது. நான்தான் அதை ஏழாம் பக்கத்தில் மழுப்பச் சொல்லிக் கேட்கப்படுகிறேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. மனிதக் கருக் குருத்தணுக்களை 1998 நவம்பரில் முதன்முதலாகப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன். சிகிச்சையில் இருந்த தம்பதியர் தந்த கருக்களில் 14இலிருந்து உட்திரளை எடுத்தார்கள். தட்டில் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கும் 5 நிலையான செல் வம்சங்கள், அதாவது செல் வழிகள், கிடைத்தன. அவற்றில் ஒன்றான ஹெச் 9 இன்றைக்கும் உலகின் எத்தனையோ ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் செல்களின் நிறப்புரிகளும் மரபணுக்களும் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களுக்கு அத்துப்படி. அதைக் கொடுத்த இருவரும் என்ன வாசித்தார்கள், எதற்குக் கையெழுத்திட்டார்கள் என்று கேட்க ஏறத்தாழ பத்தாண்டு ஆனது. 2001 ஆகஸ்ட் 9க்கு முன் உருவான செல் வழிகளுக்கு மட்டுமே அரசுப் பணம் என்று அமெரிக்க அதிபர் புஷ் கோடு கிழித்திருந்தார். அந்த அனுமதி பெற்ற வழிகளுக்குரிய ஒப்புதல் படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார் ராபர்ட் ஸ்ட்ரைஃபர் என்ற தத்துவப் பேராசிரியர். சிலவற்றில் கொடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவை சொல்லப்படவில்லை என்று 2008இல் எழுதினார். நாடாளுமன்றங்களும் மத பீடங்களும் கருவின் தகுதி என்ன என்று வாதாடிய ஆண்டுகள் முழுவதும், யாரும் திறந்து பார்க்காத கோப்புகளில் அந்தப் படிவங்கள் கிடந்திருக்கின்றன. படிவம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அது நெஞ்சில் குத்துகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படியொரு படிவத்தில் கையெழுத்திட்டேன். கருமுட்டை எடுக்கும் நாள் காலை. வெறும் வயிறு, கையில் ஊசிக்குழாய், மடியில் ஒரு தாள்கட்டு. 'எல்லாம் வழக்கமானதுதான், குறியிட்டிருக்கும் இடத்தில் போடுங்கள்' என்றார் அங்கிருந்த செவிலியர். போட்டேன். சொற்களை உடைத்து உடைத்துப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவள், அன்றைக்கு ஒரு வரியும் படிக்கவில்லை. ஐந்து கருக்கள் உருவாயின. இரண்டை உள்ளே வைத்தார்கள். அதில் ஒன்று என் மகள். மூன்று, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போய் அமர்ந்தன.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, இனிச் சேமிக்க வேண்டாம் என்று தெரிவித்தோம். முன்பே கையெழுத்திட்டபடி செய்யப்படும் என்று பதில் வந்தது. அவை ஆராய்ச்சிக்குப் போயின என்றுதான் நான் நினைத்தேன். எதனால் அப்படி நினைத்தேன் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. எங்கோ ஒரு தட்டில், யாருடைய நடுங்கும் கைக்காகவோ, என்னிலிருந்து போன ஒன்று பெருகிக்கொண்டிருக்கிறது என்று மகள் தூங்கிய பிறகு பல இரவுகள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மொழிபெயர்ப்பு வேலை வந்ததும் என் படிவத்தின் நகலைக் கேட்டு எழுதினேன். மறுக்காமல் அனுப்பினார்கள். ஒன்பதாம் பக்கத்தில் நான்கு கட்டங்கள்: தொடர்ந்து சேமித்தல், வேறொரு தம்பதிக்குக் கொடுத்தல், ஆராய்ச்சிக்குக் கொடுத்தல், அப்புறப்படுத்துதல். குறி நான்காவதில் இருந்தது. என் கையெழுத்துக்கு மேலே, என் பேனாவின் நிறத்தில்.

என் கணவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'நீ போட்டதா, அவர்கள் போட்டுவைத்ததா?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை வருத்துகிறது. நான் இட்டிருந்தாலும் அது என் முடிவாக இருக்கவில்லை.

அப்புறப்படுத்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. அழிவதாக முடிவான கருவை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் தவறில்லை என்றே கருதுகிறேன். கருவுற்ற நொடியிலிருந்தே அது முழு மனித உயிர், எந்த நன்மைக்காகவும் அதைக் கொல்லக் கூடாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறியாமையால் பேசுவதாகச் சொல்வது நேர்மையில்லை. அவர்களுடைய கேள்வி உண்மையானது. நான் அவர்களோடு சேராததற்குக் காரணம், ஐந்தாம் நாள் கருவில் இன்னும் ஒரு நரம்புச் செல்கூட இல்லை, வலியும் இல்லை, அது ஒருவராகுமா இருவராகுமா என்பதே தீர்மானமாகவில்லை. 1984இல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு ஆய்வுக்காகக் கருவை வளர்க்கப் பதினான்கு நாள் என்று எல்லை வகுத்ததற்கும் அந்தக் கடைசிக் காரணம் உதவியது. ஏறக்குறைய பதினைந்தாம் நாளில் கருவின் மீது ஒரு மெல்லிய கோடு தோன்றும். உடலின் முன்பின் அங்கேதான் முதலில் முடிவாகிறது. அதன் பிறகு அது இரட்டையாகப் பிரியாது. 1990இல் அந்தப் பதினான்கு நாள் எல்லை அங்கே சட்டமானது. அப்போது யாராலும் கருவை அவ்வளவு நாள் வெளியே வளர்க்க முடியவில்லை என்பதால் எல்லையை மதிப்பது எளிதாக இருந்தது. 2016இல் இரண்டு ஆய்வகங்கள் பதின்மூன்றாம் நாள்வரை நெருங்கிவிட்டன. 2021இல் குருத்தணு ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் அந்தத் தடையைத் தன் வழிகாட்டுதலில் தளர்த்தியது. எட்ட முடியாதபோது மட்டும் மதித்த எல்லையை எட்டியதும் நகர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. நகர்த்துவதானால் அதற்கான காரணத்தை ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள் முன்னால் வைத்துச் சம்மதம் கேட்க வேண்டும்.

ஜெர்மனியின் ஏற்பாட்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தன் மண்ணில் கருவிலிருந்து குருத்தணு எடுக்கக் கூடாது, ஆனால் 2002 ஜனவரி 1க்கு முன் வெளிநாட்டில் எடுக்கப்பட்டவற்றை அனுமதி பெற்று இறக்குமதி செய்யலாம் என்றார்கள். 2008இல் அந்தத் தேதியை 2007 மே 1க்கு மாற்றினார்கள். புதிதாக ஒரு கரு அழியத் தாங்கள் காரணமாகக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேறொருவர் கையால் அழிந்த கருவின் பலனை, தேதி பார்த்து வாங்கிக்கொள்வது மனச்சான்றை ஆற்றுமே ஒழிய, கேள்விக்குப் பதிலாகாது.

நான் உறுதியாக எதிர்ப்பது, ஆராய்ச்சிக்கென்றே பெண்களிடமிருந்து கருமுட்டை திரட்டுவதை. தென்கொரியாவின் ஹ்வாங் வூ சுக் 2004, 2005 ஆண்டுகளில் குளோனிங் முறையில் மனிதக் குருத்தணு எடுத்ததாக அறிவித்தபோது உலகமே கொண்டாடியது. 2006இல் அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தரவுகள் பொய். அந்தப் பொய்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு நினைவிருப்பது அந்த 2000க்கும் மேற்பட்ட கருமுட்டைகள். கொடுத்தவர்களில் சிலர் பணம் பெற்றவர்கள், சிலர் அவருடைய ஆய்வகத்திலேயே அவருக்குக் கீழ் வேலை பார்த்த இளம்பெண்கள். அந்த ஹார்மோன் ஊசிகளை நானும் போட்டுக்கொண்டவள். வயிறு உப்பி மூச்சு முட்டிய இரவுகள் எனக்குத் தெரியும். குழந்தைக்காகத் தாங்கிக்கொண்டேன். மேலதிகாரிக்காகத் தாங்கிக்கொள்ளும்படி ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்க முடிந்தது?

மாற்று வழி வந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முதிர்ந்த உடலிலிருந்தே எடுக்கும் குருத்தணுக்கள் வெகுகாலமாக உயிர் காக்கின்றன. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக டோனல் தாமஸ் 1990இல் நோபல் பெற்றார். 1988இல் பாரிஸில் முதன்முறையாகத் தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றினார்கள். தங்கை பிறந்தபோது சேமித்த ரத்தம் அது. இவற்றில் யாருக்கும் மனச்சங்கடம் இல்லை. ஆனால் ரத்தக் குருத்தணு ரத்தமாகும், மூளைச் செல் ஆகாது. அந்த இடத்தில்தான் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்கா வருகிறார்.

ஒரு நண்பரின் கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியாக ஒரு கருவைப் பார்த்தபோது, இதற்கும் தன் மகள்களுக்கும் எவ்வளவு சிறிய வேறுபாடு என்று தோன்றியதாகவும், வேறு வழி தேட வேண்டும் என்று நினைத்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். 2006இல் கசுடோஷி தகஹாஷியுடன் சேர்ந்து, கருக் குருத்தணுக்களில் முக்கியமாகச் செயல்படும் 24 மரபணுக்களிலிருந்து தொடங்கி நான்காகக் குறைத்து, அந்த நான்கைச் சுண்டெலியின் தோல் செல்லுக்குள் செலுத்திக் காட்டினார். முதிர்ந்த செல் பின்னோக்கி நடந்து குருத்தாகியது. 2007இல் மனிதத் தோலிலும் அதைச் செய்தார். அதே நாளில் அதே சாதனையை அறிவித்த இன்னொரு குழு, 1998இன் தாம்சனுடையது. 2012இல் யமனாக்காவுக்கு, 1962இலேயே தவளையில் இதற்கு வித்திட்ட ஜான் கர்டனோடு சேர்த்து நோபல் கிடைத்தது.

யமனாக்காவின் மனத்தயக்கம் ஒரு நாட்டின் சட்டத்தைவிடப் பெரிய வேலை செய்தது என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மீது ஆழ்ந்த மரியாதை. அதே சமயம், அந்த 24 மரபணுக்களை எங்கே தேடுவது என்று தெரிந்ததும், கிடைத்தது குருத்தணுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததும் கருக் குருத்தணுக்களால்தான். அவற்றைக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல என்னால் முடியாது.

2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. இரண்டும் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்லாக மாறக்கூடிய செல்களை வைத்த சோதனை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு வைத்தவை கருக் குருத்தணுவிலிருந்து வந்தவை. கியோட்டோவில் 7 பேருக்கு வைத்தவை யமனாக்கா முறையில் ஆக்கியவை. இரண்டிலும் கட்டி வளரவில்லை, செல்கள் பிழைத்திருந்தன, சிலருக்கு அசைவில் முன்னேற்றம் தெரிந்தது. சிறு சோதனைகள்தான். ஆனாலும் இரண்டு பாதைகளும் ஒரே வாசலில் வந்து நின்றதைப் பார்த்து அன்று கண் கலங்கினேன்.

அவரவர் தோலிலிருந்தே அவரவருக்கு மருந்து என்ற கனவு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. 2014இல் ஜப்பானில் மசாயோ தகஹாஷி குழுவினர் ஒரு மூதாட்டியின் விழித்திரையில் அவருடைய சொந்தச் செல்லிலிருந்து வளர்த்த படலத்தை வைத்தார்கள். அடுத்த நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் நிறுத்திவிட்டார்கள். கியோட்டோவின் 7 பேருக்கும் வைத்தவை வேறொருவர் கொடுத்த செல்கள்தான்.

வேறொருவர் என்றதும் மறுபடியும் படிவம் வந்துவிடுகிறது. போன ஆண்டு, தோல் மாதிரி கொடுப்பவர்களுக்கான ஒரு படிவத்தைத் தமிழாக்கினேன். 'உங்கள் மாதிரி வருங்கால ஆய்வுகளுக்கும் பயன்படலாம்' என்று ஒரு வரி. நானும் யோசிக்காமல் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். 2016இல் ஜப்பானில் சுண்டெலியின் வால் செல்லிலிருந்து ஆய்வகத் தட்டிலேயே கருமுட்டை ஆக்கி, அதிலிருந்து குட்டிகளும் பிறந்தன. 2023இல் விந்தும் முட்டையும் இல்லாமல், குருத்தணுக்களை மட்டும் சேர்த்து, மனிதக் கருவைப் போன்ற மாதிரிகளை வளர்த்ததாகப் பல ஆய்வகங்கள் அறிவித்தன. தோலைக் கொடுப்பவர், அது ஒருநாள் இந்த இடம்வரை போகலாம் என்று தெரிந்தா கொடுக்கிறார்? 'வருங்கால ஆய்வுகள்' என்ற சொல்லுக்குள் இதெல்லாம் இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா? கருவை விட்டு விலகி வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் இந்தப் படிவத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதைத் திருத்த அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

நேற்று வாசிப்புச் சோதனை நடந்தது. அச்சுக்குப் போவதற்கு முன், படிவத்தை அதே நிலையில் இருக்கும் ஒரு தம்பதியிடம் கொடுத்து, வாசித்துப் புரிந்ததைச் சொல்லச் சொல்வோம். இரண்டு வடிவங்களை எடுத்துப்போயிருந்தேன். 'தொடர்ந்து வளர இயலாது' என்ற முதல் வடிவத்தை வாசித்த கணவர், 'அப்படியென்றால் பாதி வளர்ச்சியோடு வைத்திருப்பார்களா?' என்று கேட்டார். அப்படித்தான் அவருக்குப் புரிந்தது. குறித்துக்கொண்டேன். 'கரு அழிந்துவிடும்' என்ற இரண்டாவதை மனைவி வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'தானாகவா அக்கா?' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அழிதல் தன்வினை. தானாக அழிவதைச் சொல்வது. குழுவின் சொல் மழுப்பல் என்று மூன்று வாரம் வாதாடிய நானும், என்னையறியாமல் கையை மறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். 'இல்லை அம்மா. செல்லை எடுக்கும்போது அழித்துத்தான் எடுக்க வேண்டும்' என்றேன்.

'வலிக்குமா?'

வலிக்காது, அதற்கு இன்னும் நரம்பே உண்டாகவில்லை என்றேன். தலையசைத்தார். கணவரின் பக்கம் பார்த்தார். பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் இல்லை. 'எங்களுக்கு நான்கு இருக்கின்றன அக்கா. இரண்டை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டை இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாமா? அதற்குக் கட்டம் எங்கே இருக்கிறது?'

பதினோரு பக்கத்தையும் புரட்டினேன். அப்படியொரு கட்டம் இல்லை.

இன்று காலை குழுவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஏழாம் பக்கத்தில் இப்போது இருப்பது: 'உங்கள் கருவிலிருந்து செல்களை எடுக்கும்போது அந்தக் கரு அழிக்கப்படும்.' ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தில் அந்தப் பெண்ணின் கேள்வியை அவர் கேட்ட சொற்களிலேயே எழுதி, கீழே ஒரு வெற்றுக் கட்டம் வரைந்திருக்கிறேன். வியாழக்கிழமை குழு கூடுகிறது.